திரைக்குப் போட்ட மாலை

விடியுமுன் புத்தூர்ப் பள்ளியின் படலையைத் திறப்பது என் வேலை. வாங்குகளை இழுத்து வரிசையாக்குவதும் என் வேலை. சுற்றிலும் வெங்காயத் தோட்டங்கள். தண்ணீர் இறைக்கும் மிசின்களின் சத்தம் அரைச்சுவர் வகுப்புக்குள் நேரே வரும். அதைவிடப் பெரிதாக நான் கத்த வேண்டும்.

தரம் பதினொன்றில் அறுபது பிள்ளைகள். வீட்டில் ஆங்கிலம் இல்லை. கடையில் இல்லை, கோயிலில் இல்லை, தோட்டத்தில் இல்லை. என் வாயிலிருந்து மட்டுமே அது அவர்களுக்கு வருகிறது. ஆகவே வாயைப் பெரிதாகத் திறக்கிறேன். நாக்கு எங்கே நிற்கிறது, உதடு எப்படிக் குவிகிறது என்று காட்டுகிறேன். ஒரு வசனம் சொல்கிறேன். அறுபது பேரும் திருப்பிச் சொல்கிறார்கள். அந்தச் சத்தத்துக்குள் பிழையாகச் சொன்ன ஒரு குரலைப் பிடிக்க வேண்டும். பிடித்து, அந்த வாங்குக்குப் போய், முகத்துக்கு நேரே குனிந்து, மறுபடி சொல்லவைக்க வேண்டும். ஆங்கிலம் படிப்பிப்பது என்றால் கதைப்பது என்று சனம் நினைக்கிறது. தொண்டைக்கு முதல் காதுதான் களைக்கும்.

முன்பு இந்தப் பாடங்களில் பாதி லவீனாவுடையவை. லவீனா என் மனைவி. புத்தூரில் காலைப் பாடம் முடித்துக்கொண்டு கரவெட்டிக் கிளைக்கு ஸ்கூட்டியில் ஓடுவாள். போன மாரியில், அந்த ஓட்டத்தில், மணல் ஏற்றிய ரிப்பர் லொறி ஒன்று அவளை அடித்தது. அவளுடைய இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை. புத்தூர்ப் பாடங்கள் எனக்கு வந்தன. கரவெட்டி ஓட்டம் கஜானி ரீச்சருக்குப் போனது. இதைப் பற்றிச் சொல்ல என்னிடம் வேறொன்றும் இல்லை.

இந்தத் தனியார் ஆங்கிலப் பள்ளி சுதாகரனுடையது. முன்பு எங்களோடு நின்று வெண்கட்டி பிடித்தவன்தான். தகப்பனின் காணியை விற்று இந்தப் பள்ளியைத் தொடங்கினான். நானும் லவீனாவும் வாங்குகளுக்குப் பெயின்ற் அடித்தோம். அவள் குருநகர் வேதக்காரப் பெட்டை, நான் கரவெட்டிச் சைவப் பெடியன். இரண்டு வீட்டாரும் வராத பதிவுத் திருமணத்தில் எங்களுக்குச் சாட்சி நின்றவன் அவன். அவளுடைய சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவனும் அவன். அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். எழுதும்போது 'அவர்' வரவில்லை.

ஆசிரியர் தினத்துக்கு முதல் நாள் எங்கள் ஓய்வறையின் பூட்டையும் திறப்பையும் மாற்றியிருந்தார்கள். சுதாகரன் வந்து திறந்தான். உள்ளே கதிரைகள் இல்லை. சுவர் முழுக்க முட்டை அடுக்கும் மட்டைகள் ஒட்டியிருந்தன. நடுவில் ஒரு கமரா.

"இதென்ன தம்பி, கோழி வளக்கப் போறியோ?" என்றார் சிமியோன் மாஸ்ரர். எங்கள் மூன்று பேரில் மூத்தவர். ஒன்பதாம் தரத்துக்குப் படிப்பிப்பவர்.

"முட்டை இடப்போறது நீங்கள்தான், மாஸ்ரர்" என்று சிரித்தான் சுதாகரன். "வருசப் பாடம் முழுக்க ஒருக்காச் சொல்லிப் பதிஞ்சு விடுங்கோ. பேந்து உங்களுக்குத்தான் சுகம். தொண்டை கிழியத் தேவையில்லை. கஜானிக்குக் கரவெட்டி ஓட்டமும் இல்லை."

கஜானி கேட்டாள்: "ஓட்டம் இல்லையெண்டால் கஜானியும் இல்லையோ, சேர்?"

"உமக்கு எப்பவும் சந்தேகம். இது எங்கடை பள்ளிக்கூடம், பிள்ளை. நான் தனிய விழுங்கப் போறேல்லை." என் பக்கம் திரும்பினான். "நீ என்ன சொல்லுறாய், பிரவீணன்?"

"பாப்பம்" என்றேன். லவீனா போன பிறகு எல்லாவற்றுக்கும் எனக்கு அந்த ஒரு சொல்தான்.

மறுநாள் காலை பிள்ளைகள் எங்களுக்கு மாலை போட்டார்கள். கேக் வெட்டினார்கள். சிமியோன் மாஸ்ரரைப் பாடச் சொல்லிக் கரைச்சல் கொடுத்தார்கள். அப்போது படலையில் சாரம் கட்டிய ஒரு மனிதர் சொப்பிங் பையுடன் வந்து நின்றார். பைக்குள் ஏதோ பிறாண்டிக்கொண்டிருந்தது.

"லவீனா ரீச்சர் நிக்கிறாவோ?"

பக்கத்தில் நின்ற கஜானி என் கையைப் பிடித்தாள்.

"நீங்கள் ஆர்?" என்றேன்.

"நான் குகதாசன். தொண்டைமானாறு. என்ரை மகள் தர்சினி எங்கடை ஊர்க் கிளையிலைதான் பத்தாம் ஆண்டு. ரீச்சர் ரீவியிலைதானே படிப்பிக்கிறா, நேரிலை வாறேல்லை. பிள்ளை விடியத் தொடக்கம் ஒரே கரைச்சல், ரீச்சருக்கு நண்டு குடுத்திட்டு வா எண்டு. எல்லாம் உயிர் நண்டு, பாருங்கோ."

"எப்ப தொடக்கம் படிப்பிக்கிறா?"

"தை மாதம், கிளை திறந்த நாள் தொடக்கம். புத்தூரிலை இருந்து நேரடியாப் படிப்பிக்கிறா எண்டு சுதாகரன் சேர்தான் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னவர்."

லவீனா இறந்தது கார்த்திகையில். தொண்டைமானாற்றுக்குக் கொழும்பிலிருந்து ஒரு ஆசிரியை வந்து போகிறார் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தான் சுதாகரன்.

"நான் உங்களோடை வாறன்" என்றேன்.

அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் நண்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். சந்நிதி கோயிலைக் கடந்து பாலத்தடியில் திரும்பினோம். கடனீரேரிக் காற்று அடித்தது. ஒரு ஒழுங்கையின் முடிவில் நீள மண்டபம். எதிரே வாடி, மீனவர் வலை வைக்கும் கொட்டில்.

மண்டபத்தில் நாற்பது பிள்ளைகள். முன்னால் பெரிய திரை. திரையில் லவீனா, ஏதோ சொல்ல வாய் திறந்தபடி நிறுத்தப்பட்டிருந்தாள். திரையின் இரண்டு மூலைகளிலும் நூல் கட்டி, மல்லிகையும் செவ்வந்தியும் கோர்த்த மாலை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

எங்கள் ஊரில் யாருடைய படத்துக்கு மாலை போடுவது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் அவர்களுக்கு அது படம் இல்லை. ரீச்சர்.

திரையை இயக்கும் வேலைக்கு நிற்கும் கிறிஸ்ரினா என்ற பெட்டை என்னைக் கண்டு எழும்பினாள். "தலைமையகத்திலை இருந்தோ, சேர்?" என்றாள். தலையாட்டினேன். "போடும்" என்றேன்.

லவீனா அசைந்தாள். பின்னால் பச்சைத் திரைச்சீலை. அது இன்றும் என் வீட்டு யன்னலில் தொங்குகிறது. பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருசத்தில், வகுப்புக்கு வர வழியில்லாத பிள்ளைகளுக்காக அவள் எல்லாப் பாடங்களையும் போனில் பதிந்தாள். பாடத்தைத் தொடங்குமுன் மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். தட்டினாள். நாற்பது பிள்ளைகளும் வாங்கில் இரண்டு தட்டுத் தட்டினார்கள்.

"பயப்பிடாமல் சொல்லுங்கோ" என்றாள் லவீனா. "பிழை விட்டால் நான் திருத்துவன்."

"இப்ப கை வரும்! இப்ப கை வரும்!" என்று ஒரு பெடியன் கத்தினான்.

திரையின் ஓரத்தில் ஒரு கை வந்து, தண்ணீர்க் கிளாசை மேசையில் வைத்துவிட்டுப் போனது. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். ஒவ்வொரு பாடத்திலும் இந்த இடத்தில்தான் அது வரும். அவர்களுக்கு வேடிக்கை. நான் என் கையைக் குகதாசன் பார்க்காதபடி காற்சட்டைப் பைக்குள் விட்டேன்.

லவீனா ஒரு வசனம் சொன்னாள். பிறகு பிள்ளைகள் சொல்வதற்காகப் பேசாமல் காத்திருந்தாள். அதே பெடியன் எழும்பி, "நண்டுக் கறி சுப்பர்!" என்றான்.

"வெரி குட்" என்றாள் லவீனா.

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. முன் வாங்கில் ஒரு பெண்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. தர்சினி அவள்தான். "சும்மா இரடா லக்சன்" என்று அதட்டிவிட்டு, எழுந்து நின்று, அந்த வசனத்தை முறையாகச் சொன்னாள். சொற்களின் கடைசிகளை எல்லாம் விழுங்கிவிட்டுச் சொன்னாள். எனக்கே விளங்கவில்லை.

"வெரி குட்" என்றாள் லவீனா.

தர்சினி என்னைப் பார்த்து வெட்கத்தோடு சொன்னாள்: "நான் ஒருக்காலும் பிழை விட்டதில்லை, சேர். ரீச்சர் எனக்கு எப்பவும் வெரி குட்தான்."

லவீனா இப்படிப் படிப்பித்ததில்லை. ஒரு பிள்ளை ஒரு சொல்லை விழுங்கினால் மணி அடித்த பிறகும் விடமாட்டாள். எட்டாம் தரப் பெடியன் ஒருவனை வைத்துக்கொண்டு, ஒரு சொல்லுக்காக, மழையில் கரவெட்டிக்குப் பிந்திப் போனவள் அவள். பிந்தியதைப் பிடிக்கத்தான் வேகமாக ஓடினாள். திருத்துவன் என்று அவள் கொடுத்த வாக்கை இப்போது இந்தப் பெட்டி ஒவ்வொரு நாளும் பொய்யாக்கிக்கொண்டிருந்தது.

"நிப்பாட்டும்" என்றேன் கிறிஸ்ரினாவிடம்.

"ரீச்சர் நேரிலை எப்ப வருவா, சேர்?" என்று தர்சினி கேட்டாள்.

"வரமாட்டா. போன கார்த்திகையிலை செத்துப்போனா."

குகதாசன் என்னிடம் வாங்கி வைத்திருந்த நண்டுப் பையைக் கீழே வைத்தார். ஒரு நண்டு வெளியே வந்து வாங்குகளுக்கு நடுவே பக்கவாட்டில் போனது. யாரும் சிரிக்கவில்லை. லக்சன் காலைத் தூக்கவும் இல்லை.

"நீங்கள் அவவுக்கு என்ன முறை?" என்றார் குகதாசன் மெல்ல.

"என்ரை மனிசி. அந்தக் கை என்ரை."

மாலையைக் கழற்றுவதா என்று தெரியவில்லை. விட்டுவிட்டு வந்தேன்.

அன்று பின்னேரம் முட்டை மட்டை அறைக்குள் சுதாகரனைச் சந்தித்தோம். கஜானி, சிமியோன் மாஸ்ரர், நான். குகதாசனும் வந்திருந்தார். அந்த அறையில் எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. சொன்ன உடனே சுவர் விழுங்கியது.

"ஏன் அண்ணை இப்பிடிச் செய்தனியள்?"

"என்ன செய்தனான்? பிள்ளையளுக்காகத்தானே அவ பதிஞ்சவ. பிள்ளையள்தான் பாக்கினம்."

"பெற்றோல் இல்லாத காலத்துக்கெண்டு பதிஞ்சவ."

"நீயே யோசி. இவ்வளவுக்கு எல்லாரும் அவவை மறந்திருப்பினம். நான் விடேல்லை. இண்டைக்கும் அவவின்ரை குரல் கேக்குது. நான் அவவைச் சாக விடேல்லை, பிரவீணன்." அவன் கண் கலங்கியது. செத்தவீட்டிலும் அப்படித்தான் கலங்கியது.

"ஓய விடேல்லை எண்டு சொல்லுங்கோ, சேர்" என்றாள் கஜானி.

குகதாசன் முன்னால் வந்தார். "நேரடியாப் படிப்பிக்கிறா எண்டு எங்கடை முகத்துக்கு நேரை சொன்னனீர். என்ரை பிள்ளை இவ்வளவு காலமும் இல்லாத சீவனிட்டைக் கேள்வி கேட்டுக்கொண்டு இருந்திருக்குது."

"ஐயா, நீங்கள் உங்கடை மீன்பாட்டைப் பாருங்கோ. படிப்பு விசயம் உங்களுக்கு விளங்காது."

"நான் செத்த மீனைச் செத்த மீன் எண்டு சொல்லித்தான் விக்கிறனான்."

சுதாகரன் எழுந்தான். "சரி. விருப்பமில்லாட்டி வேலையை விட்டு நிண்டுகொள்ளுங்கோ. இங்கிலீசு படிச்ச பெடியள் எத்தினை பேர் படலையிலை வேலை கேட்டு நிக்கிறாங்கள் எண்டு தெரியுமோ?"

"அவங்களையும் இந்தக் கோழிக்கூட்டுக்குள்ளைதானே விடப்போறாய்" என்றார் சிமியோன் மாஸ்ரர். "பாடம் பதிஞ்சு முடிய அவங்களையும் கலைப்பாய்."

சுதாகரன் என் தோளில் கை வைத்தான். "மற்றவை கதைக்கட்டும். நீ கதைக்கலாமோ? உன்ரை கலியாணத்துக்கு ஆர் வந்தது?"

"நீங்கள்."

"அப்ப?"

"அதாலைதான்" என்றேன். கையை எடுத்துவிட்டேன்.

படலைக்கு வெளியே நால்வரும் நின்றோம். மிசின்கள் ஓய்ந்திருந்தன. ஈர மண் மணத்தது. கஜானி சொன்னாள்: "லவீனா அக்காவின்ரை பாடத்தை நிப்பாட்டோணும். தொண்டைமானாற்றுக்கு உயிரோடை ஒரு ஆளைப் போடோணும். அது நடக்குமட்டும் அந்த அறைக்குள்ளை ஒருத்தரும் போகக்கூடாது. வகுப்புக்கும் போகக்கூடாது."

சிமியோன் மாஸ்ரர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்குப் படிக்கிற பிள்ளையள் ரெண்டு. பயமாத்தான் கிடக்கு" என்றார். பிறகு, "ஆனால் நான் செத்தாப் பிறகும் இந்த மனிசன் என்னை வேலைக்கு விடுவான் எண்டு நினைக்க, அதைவிடப் பயமாக் கிடக்கு" என்றார்.

சிரித்தோம். நானும் சிரித்தேன் போலிருக்கிறது. கஜானி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பிள்ளையளின்ரை படிப்பு?" என்றேன். அன்றைக்கு 'பாப்பம்' என்று வரவில்லை.

"எங்கடை வாடி கிடக்கு" என்றார் குகதாசன். "வலையைக் கரையிலை எடுத்துப் போடுறன். நான் மற்றச் சனத்தோடையும் கதைக்கிறன்."

திங்கட்கிழமை விடிய புத்தூரிலும் கரவெட்டியிலும் நாங்கள் படலையைத் திறக்கவில்லை. தொண்டைமானாற்று வாடியில் வலைகளை மூலையில் குவித்திருந்தார்கள். உப்பும் மீன் செதிலும் மணத்தன. கவிழ்த்த வள்ளமொன்றின் மேல் பிள்ளைகள் கொப்பிகளை வைத்திருந்தார்கள். வள்ளப் பலகை ஒன்றைக் கரும்பலகையாகச் சாத்தியிருந்தார் சிமியோன் மாஸ்ரர். தாய்மார் சிலர் வாசலில் நின்றார்கள். கரவெட்டியிலிருந்து இரண்டு தகப்பன்மார் பிள்ளைகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். எல்லோரும் வரவில்லை. பாதிப் பேர்தான்.

எதிரே மண்டபத்தைச் சுதாகரனே திறந்தான். "இனி நீங்களே போடுங்கோ, சேர்" என்று திறப்பை அவன் மேசையில் வைத்துவிட்டுக் கிறிஸ்ரினா எங்கள் பக்கம் வந்திருந்தாள். அவன் திரையைப் போட்டான். சத்தத்தை முழுக்கக் கூட்டினான். பிள்ளைகளை இழுக்கலாம் என்று நினைத்திருப்பான். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

இரண்டு தட்டு.

வாடியில் சில கைகள் பழக்கத்தில் வள்ளத்தைத் தட்டின. பிறகு நின்றன.

"பயப்பிடாமல் சொல்லுங்கோ" என்றாள் என் மனைவி, வெறும் வாங்குகளுக்கு. "பிழை விட்டால் நான் திருத்துவன்."

அவள் முடிக்கும்வரை நின்றேன்.

"தர்சினி, சொல்லும்."

பலகையில் இருந்தது, என் தகப்பன் வலை பின்னுகிறார் என்ற ஆங்கில வசனம். அவள் எழுந்து, சொற்களின் கடைசிகளை விழுங்கிச் சொன்னாள்.

"வெரி குட்" என்றது மண்டபம்.

தர்சினி மண்டபத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இல்லை" என்றேன். "பிழை. திரும்பச் சொல்லும்."

அவள் முகம் வாடியது. வாசலில் நின்ற குகதாசன் கையிலிருந்த வலையூசியை நிறுத்தினார். "சொல்லு பிள்ளை" என்றார். "கேக்கிறதுக்கு ஆக்கள் நிக்கினம்."

கஜானி அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். சிமியோன் மாஸ்ரர் வெண்கட்டியைக் கீழே வைத்தார். லக்சன் சிரிக்காமல் இருந்தான். மண்டபத்தில் லவீனா அடுத்த வசனத்துக்குப் போய்விட்டாள். சுதாகரன் கதவடியில் தனியே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தர்சினி மறுபடி தொடங்கினாள். நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.