பண்டெம்மாவின் இடது கண்

தன் கடைச் சுவரில் இல்லாத சாமியே கிடையாது என்று பூங்கொடிக்கு ஒரு நினைப்பு இருந்தது. ஓசூர் மூக்கண்டப்பள்ளியில், சிப்காட் போகிற ரோட்டின் மேலேயே கடை. உள்ளே பெங்களூரில் பழசாக வாங்கி வந்த லேசர் மிஷின் ஒன்று. பலகையை அதற்குள் படுக்க வைத்து மூடினால், மெல்லிய ஒளி ஒன்று மேலும் கீழும் ஓடி மரத்தைக் கரித்துக் கரித்து படம் வரையும். அப்படிச் சுட்டெடுத்த பெருமாள், முருகன், சாமுண்டீஸ்வரி, வேளாங்கண்ணி மாதா எல்லோரும் சுவரில் வரிசையாகத் தொங்கினார்கள். ஓசூரில் எந்த ஊர்க்காரர் எப்போது வந்து எந்தச் சாமியைக் கேட்பார் என்று சொல்ல முடியாது. அதனால் ஒருவரையும் அவள் விட்டு வைக்கவில்லை.

இரண்டாயிரத்து எட்டு, ஆடி பிறந்து நாலாம் நாள் மத்தியானம் மாரம்மா கடைக்குள் வந்தாள். கம்பெனி ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் சேலைக்கு மேல் போடுகிற நீலக் கோட்டு. வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒவ்வொரு சாமியாக நிறுத்தி நிதானமாகப் பார்த்தாள். அப்புறம் திரும்பி, "எங்க அம்மா இதுல இல்ல" என்றாள்.

"பேரு சொல்லுங்கக்கா. கம்ப்யூட்டர்ல ரெண்டாயிரம் படம் வச்சிருக்கறனுங்க. தேடி எடுத்தர்லாம்."

"பண்டெம்மா."

கன்னடத்தில் பண்டே என்றால் பாறை. ரெண்டாயிரம் படத்திலும் அப்படி ஒரு அம்மா இல்லை. பூங்கொடிக்குச் சுருக்கென்றது. தெரியாத சாமி ஒன்று இருக்கிறதென்றால் அதைத் தெரிந்துகொள்ளாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

"போட்டோ எதாவது இருக்குங்களா?"

"அம்மாவப் படம் புடிக்கக் கூடாது."

"அப்ப நானே நேர்ல வந்து பாத்துக்கறேன். கோயில் எங்கிங்க?"

"உங்கள உள்ள வுடமாட்டாங்க. அவ கம்பெனிக்குள்ள இருக்கா" என்ற மாரம்மா, கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "நீங்க பாத்துதான் இருப்பீங்க. மார்க்கிங் செக்‌ஷன் மேடம்தான நீங்க? கேன்டீனுக்கு தெனம் அந்த வழியாத்தான போவீங்க."

பூங்கொடி திகைத்துப் போனாள். கல்யாணமாகி கரூரிலிருந்து வந்த புதிதில், ஆறு வருடம் அந்தக் கம்பெனியில் இரும்புச் சாமான்கள் மேல் லேசரால் நம்பர் போட்டுக்கொண்டிருந்தவள் அவள். ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்கு மஞ்சளாக ஒரு கல் இருந்தது ஞாபகம் வந்தது. லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது மோதிவிடாமல் இருக்க மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்றுதான் ஆறு வருடமும் நினைத்திருந்தாள். அதை மாரம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லாமலே முகம் சூடாயிற்று.

"என்னைத் தெரியுமாக்கா உங்களுக்கு?"

"உங்க செக்‌ஷன நான்தான கூட்டுவேன்" என்றாள் மாரம்மா, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல்.

விஷயம் இதுதான். கம்பெனி வருவதற்கு முன்னால் அந்த இடம் ராகிக் காடு. அங்கே கூலிவேலை செய்த காலனிச் சனங்களுக்குக் காட்டு நடுவிலிருந்த பாறைதான் தெய்வம். கம்பெனி வந்தபின் வருசத்துக்கு ஒருமுறை, ஆடி வெள்ளியில், பின் கேட்டைத் திறந்து உள்ளே விடுவார்கள். இப்போது அந்த இடத்தில் புது ஷெட் வருகிறது. பாறையைப் பெயர்த்தெடுக்க முடியாது, அது பூமிக்குள் எவ்வளவு ஆழம் போகிறது என்றே யாருக்கும் தெரியாது. மேலே கான்கிரீட் போட்டு மூடிவிடப் போகிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை அரை நாள் தந்திருக்கிறார்கள், கும்பிட்டுவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லி. எடுக்க அங்கே என்ன இருக்கிறது? கல்லின் மேல் பதித்த இரண்டு வெள்ளிக் கண்கள்தான்.

"கண்ண எடுத்தா அன்னிக்கே, பொழுது சாயறதுக்குள்ள, அவ உருவத்துல திரும்ப வச்சிரணும் மேடம். இல்லன்னா எங்களப் பாக்கறத வுட்டுருவா" என்றாள் மாரம்மா. "வேற கல்லு வச்சிக்கலாம்னு எங்க ஆளுங்க சொல்றாங்க. வேற கல்லுன்னா அது வேற அம்மா. எனக்கு இவதான் வேணும்."

வேப்பம்பலகையில் போடுவதென்று முடிவாயிற்று. மாரம்மா ஒரு நிபந்தனையும் வைத்தாள். வேறு யாருக்கும் இதைப் போட்டுத் தரக்கூடாது, சுவரில் மாட்டக்கூடாது. போட்ட படத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் பத்திரப்படுத்தி வைப்பது பூங்கொடியின் பழக்கம். "வேல முடிஞ்சதும் அழிச்சர்றேன்" என்று அரை மனதோடு சொன்னாள்.

"சரி, எப்பிடி இருப்பாங்க?"

"இருப்பா, நம்மள மாதிரி."

இதை வைத்துக்கொண்டு என்ன வரைவது? பலகையின் வெடிப்பை அடைக்க மரத்தூளும் பசையும் குழைத்து வைத்திருந்த டப்பாவை எடுத்து, "இதுல புடிச்சுக் காட்டுங்க" என்று நீட்டினாள் பூங்கொடி. மஞ்சளில் பிள்ளையார் பிடிக்கிற கைதானே. மாரம்மா கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாள். இடப்பக்கம் தோள் சரிந்து, உச்சி கொஞ்சம் முன்னால் குனிந்து, எதையோ கேட்க வந்து நிற்கிற பொம்பளை மாதிரி ஒரு உருவம் வந்தது. பூங்கொடி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"அளவு வேணுங்கக்கா. நாளைக்கு நூல்ல முடிச்சுப் போட்டு எடுத்துட்டு வாங்க. உயரத்துக்கு ஒண்ணு, அகலத்துக்கு ஒண்ணு, கண்ணுக்கு ஒண்ணு."

அப்படியே மறுநாள் மூன்று நூல் வந்தன.

மூன்று பலகையைப் பூங்கொடி வீணாக்கினாள். கோடு போட்டு வரைந்ததைப் பார்த்து அவள் வீட்டுக்காரர் அசோக்குமார், "பலாப்பழமா?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் அவர் டீயை மேசையில் ணங்கென்று வைத்தாள். கிரீடம் இல்லை, கை இல்லை, ஆயுதம் இல்லை. ஒன்றுமே இல்லாத ஒருத்தியை எப்படித்தான் வரைவது? புதன்கிழமை, குப்பையில் கிடந்த துண்டுப்பலகை ஒன்று கண்ணில் பட்டது. அதில் ஒட்டியிருந்த டேப்பை உரித்தாள். சுற்றிலும் கரிந்திருக்க, டேப் இருந்த இடம் மட்டும் வெளேரென்று நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது. அம்மாவை வரையவே கூடாது. அவளைச் சுற்றி இருப்பதை எல்லாம் எரித்துவிட்டால் அவள் தானாக நிற்பாள்.

வியாழக்கிழமை மிஷின் ஐந்து மணி நேரம் ஓடியது. வேப்பம்புகை கடையெல்லாம் கசந்தது. கருத்த பலகையின் நடுவில், தோள் சரிந்து, தலை குனிந்து, சூடு படாத மரமாகவே அம்மா நின்றாள். வெள்ளிக் கண்கள் உட்காரக் குழி வெட்டுவது கடைசி வேலை. நூலின் முடிச்சை வைத்து வலது கண்ணைக் கம்ப்யூட்டரில் வரைந்தாள். இடது கண்ணுக்கு என்ன, அதையே திருப்பிப் போட ஒரு பட்டன் இருக்கிறதே. ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்க வேண்டும் என்பதைத்தான் கம்பெனி அந்த ஆறு வருடமும் அவளுக்குக் கற்றுக் கொடுத்திருந்தது. இரண்டு குழியும் அச்சுப் பிசகாமல் விழுந்தன. பூங்கொடிக்குத் தன்னை நினைத்தே பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு மாரம்மா வந்தாள். வெளியே மினி லாரியில் அவள் புருசன் முனீஸ்வரனும் காலனி ஆட்களும் மேளத்தோடு காத்திருந்தார்கள். மாரம்மா பலகையைக் கிட்டே இழுத்தாள். சரிந்த தோளை விரலால் தடவினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, மஞ்சள் அப்பிய வலது கண்ணை எடுத்துக் குழியில் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. இடது கண் உட்காரவில்லை.

பூங்கொடி வாங்கித் திருப்பிப் பார்த்தாள். தலைகீழாக வைத்தாள். ஒரு நெல் அளவுக்கு அது பெரிது.

"ரெண்டும் ஒரே அளவில்லைங்களா?"

"நீங்க ஒரு கண்ணுக்குத்தான கேட்டீங்க."

பூங்கொடி கடிகாரத்தைப் பார்த்தாள். தப்பு அவளுடையதுதான். மின்வெட்டுக் காலம், தினமும் ஆறு மணிக்குக் கரண்ட் போய்விடும், திரும்ப வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். "லேசா ஓரத்த அரத்துல தேச்சா…" என்று ஆரம்பித்தாள்.

மாரம்மா வெடுக்கென்று கண்ணைப் பிடுங்கிக்கொண்டாள். "தேய்க்கக் கூடாது மேடம். வேலி போட்ட புதுசுல மூணு வருசம் எங்கள உள்ளயே வுடல. அப்பறம் போயிப் பாத்தா ஒரு கண்ணக் காணம். யாருகிட்ட போயி கேக்கறது? காலனிப் பொம்பளைங்க ஆளுக்கொரு மெட்டியக் கழட்டிக் குடுத்து இதச் செஞ்சோம். எங்கம்மாளுது இதுல இருக்குது. எனக்கு அப்பத்தான் கண்ணாலம் ஆயிருந்துது, என்னுதும் இருக்குது. எல்லாத்தையும் உருக்கினா கொஞ்சம் பெருசாதான் வந்துது. மிச்சத்த யாருக்குத் திருப்பிக் குடுக்கறது? அப்பிடியே இருக்கட்டும்னு வச்சிட்டோம்."

"தேய்க்க வேண்டாங்க. குழியப் பெருசு பண்ணிக்கலாம்" என்றாள் பூங்கொடி. கண்ணை ஸ்கேனரின் கண்ணாடி மேல் வைக்கப் போனவள், நடுவில் நின்றுவிட்டாள். ஸ்கேன் என்றால் அதுவும் படம் பிடிப்பதுதானே? மாரம்மாவைப் பார்த்தாள். மாரம்மா ஸ்கேனரைப் பார்த்தாள்.

"அது போட்டோவா?"

"ஆமாங்க. ஒரு மாதிரி போட்டோதான்."

"அப்ப வேணாம். பென்சிலு குடுங்க."

காகிதத்தின் மேல் கண்ணை வைத்து, அதன் ஓரத்தை ஒட்டியே மாரம்மா கோடு இழுத்தாள். அந்தக் கோட்டை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றி, பலகையைத் திரும்பவும் மிஷினுக்குள் படுக்க வைத்தாள் பூங்கொடி. ஒரு மயிரிழை தள்ளி விழுந்தாலும் அம்மாவின் முகமே போய்விடும். ஒளி விழப்போகிற இடத்தைக் காட்டும் சிவப்புப் புள்ளியைக் குழியின் ஓரத்தில் நிறுத்தி, மூன்று முறை சரிபார்த்து, பட்டனை அழுத்தினாள். புகை எழுந்தது. ஒளி நாலு முறை போய் வந்தது. கடிகாரத்தில் ஐந்து ஐம்பத்திரண்டு.

மாரம்மா கண்ணை வைத்தாள். உட்கார்ந்தது.

இத்தனை நாள் எப்படி இருப்பாள், எப்படி இருப்பாள் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்த முகம் இதுதான். சின்னக் கண் எதிரில் நிற்பவரைப் பார்த்தது. பெரிய கண் அவருக்கும் பின்னால் வருகிற யாரையோ பார்த்தது. தினமும் கேன்டீனுக்குப் போன தன்னையும், துடைப்பத்தோடு பின்னால் வந்த மாரம்மாவையும் இவள் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள் என்று பூங்கொடிக்குத் தோன்றியது. தான்தான் இவளையும் பார்க்கவில்லை, மாரம்மாவையும் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டாள்.

அப்புறம் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்து கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். "அழிச்சர்றனுங்கக்கா. நீங்களே பாருங்க."

மாரம்மா பலகையை இடுப்பில் அணைத்தபடி கிட்டே வந்து திரையைப் பார்த்தாள். "இதுக்குள்ளாறயும் அவ இருக்காளா?"

"இருக்காங்க. தோளு, தலை, நீங்க வரஞ்ச கண்ணு, எல்லாம்."

"அங்க இருக்கறவள காலி பண்ணச் சொல்லி யாருனா வருவாங்களா?"

பூங்கொடி கம்ப்யூட்டர் மேல் கையை வைத்தாள். "இது என் மிஷினுங்கக்கா. யாரும் வரமாட்டாங்க" என்றாள்.

வெளியே முனீஸ்வரன் ஹாரன் அடித்தான்.

"அப்ப அழிக்காதீங்க" என்றாள் மாரம்மா. "அவ பாட்டுக்கு இருக்கட்டும்."