டெனிஷாவின் மூன்றாவது குழு

‘செவ்வாய்ச் சந்தை’ ரொக் குழு பிரிந்தபோது பத்திரிகைகள் எழுதியதுபோல அடிதடி எதுவும் நடக்கவில்லை. நான்கு பேரில் இருவருக்குக் கனடா விசா கிடைத்தது. பாடகன் ஜெரோமுக்கு மெல்பேர்னில் மனைவியின் குடும்பம் இருந்தது. மட்டக்குளியில் வழக்கமாக ஒத்திகை பார்க்கும் அறையில் எல்லோரும் உட்கார்ந்து புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டார்கள். பதினேழு வருடத்துக் குழு அத்தோடு முடிந்தது. நாடு முழுக்க ரொக் பாட்டுக் கேட்கிற பிள்ளைகளுக்கு டெனிஷாவின் கிற்றாரைத் தெரியும். சிங்களம் பேசுகிற பிள்ளைகள்கூட அவளுடைய தமிழ்ப் பாட்டுகளை மனப்பாடமாகப் பாடுவார்கள். அப்படிப்பட்டவள் நாற்பத்திரண்டு வயதில் இரண்டு கிற்றார்களையும் ஒரு பழைய அம்ப்ளிஃபயரையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு, சிலாபத்தில் அக்கா பவுலினாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

சும்மா இருக்கத் தெரியாதவள் அவள். மூன்று மாதத்துக்குள் முதல் குழுவைக் கூட்டினாள். கொழும்பில் பெயரெடுத்த மூன்று இளம் வாத்தியக்காரர்கள், நல்ல பிள்ளைகள். அவள் இப்படி என்றால் இப்படி, அப்படி என்றால் அப்படி. பழைய பாட்டுகளை ஒலிப்பதிவில் இருந்தபடியே ஒரு அடி பிசகாமல் வாசித்தார்கள். நாலாவது நிகழ்ச்சியில், தன் சொந்தப் பாட்டின் நடுவே நிற்கும்போது, பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்பதுபோல அவளுக்கு இருந்தது. மேடையிலிருந்து இறங்கி, மூவருக்கும் நன்றி சொல்லி அனுப்பிவிட்டாள்.

இரண்டாவது குழு கற்பிட்டியில், பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஒரு ஹோட்டலில். மனேஜர் ஒவ்வொரு நாளும் வந்து, “சத்தத்தக் கொஞ்சம் குறைப்போமா மிஸ்?” என்று மரியாதையாகக் கேட்பார். காற்றுக் காலம் முடிந்தபோது ட்ரம்ஸ்காரன் ஓர் எஸ்தோனியப் பெண்ணைக் கலியாணம் முடித்துக்கொண்டு அவளோடு போய்விட்டான். அந்தக் குழுவும் அதோடு போயிற்று.

மிஞ்சியது கிற்றார்களும், உப்புக் காற்றில் ஊமையாகிப்போன அம்ப்ளிஃபயரும் மட்டும். மதுரங்குளியில் ஹஸ்மி என்று ஒருவர் ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விடுகிறார், திருத்தவும் செய்வார் என்று பவுலினா சொல்லி அனுப்பினாள். ஹஸ்மியை அவருடைய உம்மா, வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட தொண்ணூறில், மன்னாரிலிருந்து இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தவர். இப்போது கனமூலைப் பக்கம் வீடு, வீட்டோடு சேர்ந்த பட்டறை.

திருத்தக் கொடுத்த அம்ப்ளிஃபயரை எடுக்கப் போன அன்று, வாசலில் கால் வைக்கும்போதே உள்ளேயிருந்து பேஸ் கிற்றார் கேட்டது. எட்டே எட்டு அடிகள், திரும்பத் திரும்ப. டெனிஷா செருப்பைக் கழற்றாமல் நின்று கேட்டாள்.

“ஆர் வாசிச்சது?”

“நான்தான் மிஸ். அம்ப் வேலை செய்யுதோ எண்டு பாக்க.”

“அது என்ன பாட்டு?”

“பாட்டில்ல. அடிச் சத்தம் சரியா வருதோ எண்டு பாக்க எப்பவும் இதத்தான் வாசிக்கிற. பன்னெண்டு வருஷமா இது ஒண்டுதான் தெரியும்.”

உள்ளேயிருந்து தேத்தண்ணீரோடு வந்த அவர் மனைவி நஸ்லியா, “இண்டைக்குத் தாளம் கொஞ்சம் இழுக்குது” என்றாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவள். அவள் சொன்னது சரிதான். டெனிஷா கையோடு கொண்டுவந்திருந்த தன் கிற்றாரை இணைத்து அந்த எட்டு அடிகளுக்கு மேலே வாசிக்கத் தொடங்கினாள். பள்ளிவாசலில் அந்தி மஹ்ரிப் பாங்கு கேட்கும்வரை மூவரும் எழும்பவில்லை.

ட்ரம்ஸுக்கு நிஷாந்தினி வந்தாள். சிலாபத்தில் இரத்தப் பரிசோதனைக் கூடமொன்றில் வேலை, பள்ளிக்கூட பேண்டில் பழகியது. அடித்துக்கொண்டே பாடவும் செய்வாள். முதல் ஒத்திகையில் டெனிஷா பழக்கதோஷத்தில், “இந்த இடத்தில மெதுவா” என்றாள்.

“ஏன்?” என்று கேட்டாள் நிஷாந்தினி.

இரண்டு வருடமாக யாரும் டெனிஷாவிடம் ஏன் என்று கேட்டதில்லை. மெதுவாக்காமலே வாசித்துப் பார்த்தார்கள், நன்றாகத்தான் இருந்தது. அன்றே பேசி முடிவெடுத்தார்கள்: எதுவானாலும் நாலு பேரும் கை உயர்த்தித் தீர்மானிப்பது. நாலாவது ஆள் நஸ்லியா. மேடைப் பக்கமே வரமாட்டேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். ஆனால் பாட்டெல்லாம் அவள் எழுதியது. சந்தையில் மறந்து வைத்த குடையைப் பற்றி, நேரத்துக்கு வராத பஸ்ஸைப் பற்றி, கோபம் ஆறிய பிறகும் பேசாமல் இருக்கிற புருஷனைப் பற்றி எழுதினாள். கடைசிப் பாட்டைப் படித்துவிட்டு ஹஸ்மி ஒரு கிழமை அவளோடு மரியாதையாகக் கதைத்தார்.

மார்கழி மாதம் ஜெரோம் திரும்பி வந்தான், விடுமுறைக்கல்ல.

“அங்க சரிவரல்ல டெனி,” என்றான், பவுலினா வீட்டு முன்விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்தபடி. “நாள் முழுக்க பெட்டி அடுக்கிற வேலை. ரெண்டு வருஷமா ஒரு பாட்டுக்கூடப் பாடல்ல. உன்ட புது பேண்டில எனக்கு இடம் இருக்கா?”

டெனிஷாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கேட்கவே தேவையில்லை என்றுதான் நினைத்தாள். ஆனாலும், “வந்து ஒருக்காப் பாடு” என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை பட்டறையில் அவன் பாடினான். குரலில் ஒரு கீறல்கூட விழவில்லை. குடைப் பாட்டை அவன் எடுத்த எடுப்பில் சத்தம் வெளியே போகாமல் சுவரில் ஒட்டியிருந்த முட்டைத் தட்டுகள் அதிர்ந்தன. டெனிஷாவின் விரல்கள் தாமாகவே பழைய வேகத்துக்குப் போயின. முடிந்ததும் அவனை வெளியே மரத்தடியில் இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

“எனக்கு ஓம்,” என்று கையை உயர்த்தினாள் டெனிஷா.

வேறு ஒரு கையும் எழும்பவில்லை.

“நல்லாப் பாடுறார் அக்கா,” என்றாள் நிஷாந்தினி. “அவர் பாடினா நாங்க எல்லாரும் அவருக்குப் பின்னால நிக்கிற ஆக்கள் ஆகிருவம். நீங்களும்தான். இப்ப வாசிக்கேக்க நீங்க எங்களப் பாக்கவே இல்ல.”

நஸ்லியா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். “என்ட வரியெல்லாம் பக்கத்தில இருக்கிற ஆளுக்குச் சொல்றது. அவர் தூரத்தில நிக்கிற சனத்துக்குச் சொல்றார். அது குத்தமில்ல. ஆனா இந்தப் பாட்டு இல்ல அது.”

ஹஸ்மி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மன்னிச்சுக்கொள்ளுங்க,” என்றார். “எனக்கும் வேணாம்.”

டெனிஷாவுக்கு முகம் சூடேறியது. ‘செவ்வாய்ச் சந்தை’யில் அவளும் ஜெரோமும் வைத்ததுதான் சட்டம். முதல் குழுவில் அவள் ஒருத்தி மட்டும். இந்த நாட்டில் ரொக் இசை விஷயத்தில் யாரும் அவளிடம் வேண்டாம் என்று சொன்னதில்லை. கதவைத் திறந்து போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் நிஷாந்தினி சொன்னதை மறுக்க முடியவில்லை. பாட்டு முழுக்க அவள் யாரையும் பார்க்கவில்லை, அது அவளுக்கே தெரியும். கிற்றாரைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாள்.

“சரி,” என்றாள். “நான் சொல்றன் அவருக்கு.”

சிலாபத்துக்குத் திரும்ப பஸ் ஏறுமுன், ஒரு தேத்தண்ணீர்க் கடையில் வைத்துச் சொன்னாள். ஜெரோம் முதலில் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

“அம்ப் திருத்திறவரும் வேணாம் எண்டு சொன்னவரா?”

“அவர் கடைசியாச் சொன்னவர்.”

“நீ?”

“நான் ஓம் எண்டு சொன்னன். தோத்துட்டன்.”

அவன் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தான். கோபம் இருந்தது, அவள் அதைத் தணிக்கப் பார்க்கவில்லை. சிலாபத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதுதான் கேட்டான்.

“தோத்த ஆள் மாதிரி இல்லையே நீ.”

“அதுதான் எனக்கும் விளங்குதில்ல,” என்றாள் டெனிஷா. உண்மையிலேயே அவளுக்கு அப்படித்தான் இருந்தது. நண்பனுக்காக வருத்தமாக இருந்தது, ஆனால் மனம் லேசாகவும் இருந்தது. தான் இல்லாவிட்டாலும் சரியான முடிவெடுக்கக்கூடிய மூன்று பேரோடு சேர்ந்திருக்கிறோம் என்ற நினைப்பு, புதுச் சட்டைபோல உடம்பில் ஒட்டாமல் இருந்தது, ஆனாலும் பிடித்திருந்தது.

ஜெரோம் மூன்று கிழமை பேசவில்லை. பிறகு, தைப்பொங்கல் கழிந்து, ஒரு குரல்செய்தி அனுப்பினான். வத்தளையில் இரண்டு பேரைப் பிடித்திருக்கிறானாம், இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டதாம், ஒருவர் அக்கோர்டியன் வாசிப்பாராம். பெயர் இன்னும் வைக்கவில்லை. ஸ்பீக்கர் செட்டுக்கு ஹஸ்மியின் தொலைபேசி இலக்கம் வேண்டுமாம்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, சிலாபத்தில் ஒரு கலியாண மண்டபத்தில் இரண்டு குழுக்களும் வாசித்தன. பின்னேரம் நாலு மணி. நூற்றைம்பது பேர் வந்திருப்பார்கள், பாதிப்பேர் பழைய ‘செவ்வாய்ச் சந்தை’ பனியன் போட்டவர்கள். ஜெரோம் முதலில் பாடினான். அக்கோர்டியன்காரர் இரண்டு இடத்தில் தடுமாறினார், சனம் அதற்கும் கைதட்டியது. பவுலினா மேடைக்குப் பின்னால் எல்லோருக்கும் மீன் பட்டிஸ் பங்கிட்டாள். நஸ்லியா கடைசி வரிசையில், முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தன் வகுப்புப் பிள்ளைகள் யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு டெனிஷாவின் முறை. மூன்றாவது பாட்டில் அவள் ஒரு வரி முன்னதாகவே கோரஸுக்குப் போய்விட்டாள். ஹஸ்மி நிமிர்ந்து பார்த்தார். நிஷாந்தினி சிரித்துக்கொண்டே அடியை மாற்றாமல் ஒரு சுற்று அப்படியே போகவிட்டாள். டெனிஷா அவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, பாட்டில் அவர்கள் இருக்கும் இடத்துக்குத் திரும்பி வந்தாள்.