அப்பாவின் கடைசிக் கொலைகாரன்

மிசாவோ அப்பாவின் சாப்பாட்டுக் குச்சிகள் இரண்டையும் சோற்றில் குத்தினாள். ஒன்று சாய்ந்தது.

"அழுத்திக் குத்துடி. குடிச்சவன் மாதிரி சாயுது பாரு," என்றாள் அம்மா தொமிகோ.

குவித்த சோற்றில் குச்சிகளை இப்படி நட்டு வைப்பது செத்தவருக்கு மட்டும்தான். சின்ன வயதில் விளையாட்டாகச் செய்து மிசாவோ அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறாள். இன்றைக்கு அதே அம்மா, சரியாகச் செய்யவில்லை என்று திட்டுகிறாள். வெள்ளைத் துணி போர்த்திய அப்பாவின் தலைமாட்டில் கிண்ணத்தை வைத்துவிட்டு மிசாவோ எழுந்தாள்.

பிக்கு ஓதிவிட்டுப் போயாயிற்று. ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டவர்கள் அடுத்த அறையில் சுஷித் தட்டுகளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கியோட்டோவில் ஸ்டுடியோப் பக்கத்து ஆட்களுக்குத் துக்க வீட்டிலும் சின்னக் குரலில் பேச வராது.

அப்பா ஹிசமொட்டோ பாதி ஆயுசை வாள்சண்டைப் படங்களுக்குத் திரைக்கதை எழுதியே கழித்தவர். மர்மப் படம் எழுதும்போதுதான் வம்பு வரும். அவர் ஒருவனைக் கொலைகாரனாக்குவார்; அந்த நடிகர் வந்து, "என் ரசிகர்கள் ஒத்துக்க மாட்டாங்க" என்பார்; கொலைகாரன் மாறிவிடுவான். ஒரு படத்தில் அப்படி மாறி மாறி, கடைசியில் செத்தவனே உயிரோடு திரும்பி வந்துவிட்டான். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர், "நாவல்னா எவனும் வந்து கெஞ்ச மாட்டான்," என்று சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தார். முதல் நாவலுக்கே பரிசு கிடைத்தது. வாங்கிப் படித்த ஸ்டுடியோக்காரர்கள் சண்டைக் காட்சி போதாது என்றார்கள்.

ஸ்டுடியோப் பழக்கம் ஒன்றை மட்டும் அவர் கடைசி வரை விடவில்லை. எதிரே இருப்பவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் கதை சொல்வார். முகத்தைப் பார்க்க மாட்டார், கையைப் பார்ப்பார். கை அது பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கதை குப்பை. குச்சி பாதி வழியில் அசையாமல் போனால் உடனே எழுதப் போய்விடுவார். மிசாவோ வளர்ந்ததே ஆறிப்போன சோற்றில்தான்.

வாரப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த அவருடைய தொடரில் இப்போது கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. விடுதி முதலாளி வெந்நீர்த் தொட்டியில் செத்துக் கிடக்கிறார். கொன்றது யார்? அப்பாவின் கோழிக்கிறுக்கலை இத்தனை வருஷமாகப் படியெடுத்தவள் மிசாவோ. நீங்களே முடித்துக் கொடுங்கள் என்று பத்திரிகையிலிருந்து அவளிடம் கேட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கடைசியாக அப்பா, "சமையல்காரன்தான்," என்றார். ஆனால் அப்போது அவள் கையில் குச்சி இல்லை. அதுதான் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. தப்பான ஆளை அப்பா பெயரில் அச்சேற்றிவிட்டால்? கொலைகாரனை மாற்றினார்கள் என்றுதானே அவர் சினிமாவையே விட்டார்.

டோக்கியோவிலிருந்து வந்திருந்த பத்திரிகை உதவி ஆசிரியை நிஷிகாகி தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். "அக்கா, இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான்..."

"கேளும்மா. கேக்காமப் போனாத்தான் அப்பா கோவிச்சுக்குவார். சமையல்காரனாம்."

"சமையல்காரனா?" எதிரே இருந்த பழைய லைட்மேன் குவாபரா சிரித்தார். "எங்கிட்ட வாத்தியார் கணக்குப்பிள்ளைன்னாரே."

"என்னண்ணே நீங்க. முதலாளியோட தம்பின்னு எங்கிட்ட சத்தியம் பண்ணினார்," என்றார் சித்தப்பா யசுகி. "நான்கூட, தம்பின்னா அவ்வளவு இளக்காரமான்னு ஒரு வாரம் பேசாம இருந்தேன்."

நிஷிகாகியின் முகம் வெளுத்தது. "எங்ககிட்ட போலீஸ்காரர்னார். அதை நம்பி விளம்பரத்துக்குப் படமே வரைஞ்சாச்சு."

"போன பிறகும் ஏமாத்துறார் பாரு மனுஷன்," என்றார் சித்தப்பா. அறையே சிரித்தது.

ஆளுக்கொரு கொலைகாரனை வைத்து வாதாடினார்கள். மிசாவோ கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் கையும் ஓயவில்லை. குவாபராவின் குச்சி விலாங்கிலிருந்து இறாலுக்குப் போனது, இறாலிலிருந்து ஊறுகாய்க்குப் போனது. நாலு கொலைகாரர்களும் குப்பை.

அம்மா கெண்டியோடு வந்து ஒவ்வொரு கோப்பையாக நிரப்பினாள்.

"டீ கொண்டு வர்றாளே, அவதான்," என்றாள்.

"யாரும்மா?"

"முதல் வாரத்துலேர்ந்து ஒருத்தி கதவைத் தள்ளிக்கிட்டு வந்து டீ வச்சிட்டுப் போறாளே. அவளுக்கு ஒரு பேர்கூட வைக்கல. போலீஸ்காரர் ஊரையே விசாரிக்கிறார், அவகிட்ட மட்டும் டீ நல்லாருக்குங்கிறார். முதலாளி குளிக்கப் போறதுக்கு முன்னாடி குடிச்சாரே, அது யார் போட்ட டீ?" அம்மா குவாபராவின் கோப்பையை நகர்த்தி வைத்தாள். "சூடா இருக்கு, பாத்துக் குடிங்க."

குவாபராவின் இறால் வாய்க்குப் பக்கத்தில் வந்து அப்படியே நின்றது. அதிலிருந்து சோயா சாறு அவர் கறுப்புக் கால்சட்டையில் சொட்டியது. நிஷிகாகியின் குச்சி முட்டைத் துண்டைப் பிடித்தபடி அந்தரத்தில் இருந்தது. சித்தப்பா கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

மிசாவோ அம்மாவின் பின்னாலேயே சமையலறைக்குப் போனாள். "அப்பா இதை எப்பம்மா உன்கிட்ட சொன்னார்?"

"எங்கிட்ட அவர் என்னிக்குக் கதை சொன்னார்? உங்களுக்கெல்லாம் போட்டு முடிச்சுட்டு நான் தனியா இங்கதானே சாப்பிடுவேன். கையில குச்சியில்லாதவகிட்ட அவர் என்னத்தைச் சொல்ல?"

"அப்ப அந்தப் பொண்ணு?"

"வாரா வாரம் படிக்கிறேன்ல. பிடிக்கலைன்னா உன் சமையல்காரனையே போட்டுக்க."

மிசாவோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துக்க வீடாயிற்றே என்று வாயைப் பொத்திக்கொண்டாள். "வேண்டாம், அவளே இருக்கட்டும். ஆனா ஒரு பேர் வைக்கணுமே."

"தொமிகோன்னு மட்டும் வச்சுடாதே. அப்புறம் ஒருத்தரும் இந்த வீட்டுல டீ குடிக்க மாட்டாங்க."

எல்லாரும் கிளம்பிப் போனதும் மிசாவோ ஊதுபத்தியைப் பார்க்க வந்தாள். அப்பாவின் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் மிச்சமிருந்த சுஷித் தட்டு.

"முதல் அத்தியாயத்துலேர்ந்தே சொல்றேன், கேளுங்க," என்று அம்மா ஆரம்பித்தாள். நடுநடுவே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, நிதானமாக மென்று, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

மிசாவோ வாசற்படியிலேயே நின்றாள். தலைமாட்டுக் கிண்ணத்தில், வெள்ளைச் சோற்றின் நடுவில், அப்பாவின் குச்சிகள் இரண்டும் அசையாமல் இருந்தன.