இரண்டாவது சுளுக்கு

சுளுக்கு எடுப்பதற்கு மஞ்சக்குப்பத்தில் இரண்டு பொருள் உண்டு. பிசகிய நரம்பை நேராக்குவது ஒன்று. ஒருவனைப் பிடித்து அடித்து நொறுக்குவது இன்னொன்று. கொளஞ்சி மாமாவுக்கு இரண்டாவதைத்தான் வெண்மதி தை மாதத்திலிருந்து மனதுக்குள் நேர்ந்து வைத்திருந்தாள்.

வெண்மதி பிறக்கும்போது தலைக்கு முன்னால் கால் வெளியே வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் முதுகுச் சுளுக்கு விட்டுவிடும் என்பது ஊர் நம்பிக்கை. காலையில் வெறும் வயிற்றோடு யாராவது வந்து குப்புறப் படுப்பார்கள். அவளும் பல் துலக்கியபடியே மிதித்து அனுப்புவாள்.

தையில் சிதம்பரத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. கேசரியை வழித்துச் சாப்பிட்ட வாயால் கொளஞ்சி சொன்னார்: "பொண்ணு தங்கம். என்னா, கால்ல பொறந்தவ. அவ கால் வெச்ச வூடு வெளங்காதும்பாங்க. எனக்கு அதுல நம்பிக்க இல்ல."

வந்தவர்கள் காபியைக்கூட முடிக்கவில்லை. அதற்குப் பிறகு போனும் இல்லை.

இப்போது ஆனியில் அதே கொளஞ்சி, கேஸ் சிலிண்டரைத் தூக்கப் போய், கீழே விழுந்த சாவியைத் தேடுகிறவர் போல வளைந்தபடி வந்து நின்றார். பின்னால் அவர் மனைவி அமிர்தம் அத்தை, கையில் பாயோடு.

"ஒரு மிதி மிதிச்சி உடும்மா. உசுரு போவுது."

"வெளங்காத காலாச்சே மாமா?"

"அது சும்மா ஒரு பேச்சுக்கு…"

"அந்தப் பேச்ச சிதம்பரத்துக்குப் போன் போட்டு மாத்திச் சொல்லுங்க. ஸ்பீக்கர்ல."

"வலியில துடிக்கிறவன்கிட்ட இப்டியா?"

"சொல்றதச் செய்யிங்க," என்றாள் அமிர்தம். "அன்னிக்கே வாயி சுளுக்கியிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது."

பாயில் குப்புறப் படுத்தபடியே அவர் போனில் பேசினார். "அந்தப் பொண்ணு கால் நல்ல கால்ங்க. நான் சொன்னது பொய்யி."

பையனின் அம்மா உடனே குழைந்தார். "எங்களுக்கும் மனசு கேக்கலதான். வெள்ளிக்கெழம வர்றமே."

இதற்குத்தானே காத்திருந்தாள்? ஆனால் ஒரு பேச்சில் போனவர்கள் இன்னொரு பேச்சில் திரும்பி வருகிறார்கள். நாளைக்கு மூன்றாவதாக ஒரு பேச்சு வந்தால்? வெண்மதி போன் பக்கம் குனிந்தாள்.

"வராதீங்கம்மா. இந்தக் கால் உங்க வாசப்படிய மிதிக்காது."

போனைத் துண்டித்தாள். அவசரப்பட்டுவிட்டோமோ என்று ஒரு சந்தேகம் எழுந்தது. அந்தச் சந்தேகத்தையும் சேர்த்துக் குதிகாலில் இறக்கினாள்.

கொளஞ்சி போட்ட அலறல் ஊர் மைதானம் வரைக்கும் கேட்டிருக்கும். பிறகு மெதுவாக எழுந்தார். நிமிர்ந்தார். இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"அட, உட்டுப்போச்சி!" சிரித்துக்கொண்டே செருப்பைத் தேடினார்.

அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

"எங்க மாமா கெளம்பிட்டீங்க? படுங்க."

"அதான் சுளுக்கு எடுத்துட்டியேம்மா?"

"இது வைத்தியம். சுளுக்கு இனிமேதான் எடுக்கணும்."

அமிர்தம் அத்தை அவர் செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, பாயை உதறி மறுபடியும் விரித்தாள்.