கோயில் காளையின் ரத்தம்

மாலை நான்கு மணி. பொன்னமராவதியில் டாக்டர் இளமதியின் கால்நடை ரத்த வங்கிக்கு உரிமம் தரலாமா என்று பார்க்க ஆய்வாளர் வந்திருந்தார். அந்த நேரத்தில் முத்தாள் தன் கறவைப் பசுவை வேனில் கொண்டுவந்து இறக்கினாள். உண்ணிக் காய்ச்சலில் அதன் ஈறு வெளுத்திருந்தது. உடனே ரத்தம் ஏற்ற வேண்டும்; உரிமம் வராததால் வங்கியில் இன்னும் ரத்தம் சேமிக்கவில்லை.

கொட்டிலில், கொம்புக் காயம் ஆறிய கோயில் காளை ஊருக்குத் திரும்பக் காத்திருந்தது. சோதித்ததில் அதன் ரத்தம் பசுவுக்குப் பொருந்தியது. இளமதி ஊசியை எடுத்தாள்.

"ஓனர் கையெழுத்து இல்லாம எடுத்தா லைசென்ஸ் கெடையாதுங்க," என்றார் ஆய்வாளர்.

காளையைப் பிடித்திருந்த ரெங்கராஜ் பின்வாங்கினார். "நான் புல்லுப் போடுறவன்தாங்க. ஊர் கூடித்தான் சொல்லணும்."

பசு தலையைத் தரையில் சாய்த்தது.

"சாமி மாடுதானே? சாமிகிட்ட நான் கேட்டுக்கிறேன்." முத்தாள் ஆய்வாளரிடம் திரும்பினாள். "சாமிக்குப் பதிலா யாருங்க கையெழுத்துப் போடுறது?"