வீட்டுக்குப் போகாத கோட்டுகள்

மாடியில் இருந்த தையல் கடைக்குப் பதினெட்டுப் படிகள். இருபத்தைந்து வருடமாக ஒரே மூச்சில் ஏறிய படிகளில், ஒன்பதாவதில் நின்று கைப்பிடியைப் பற்றிக்கொண்ட அன்று அந்தத் தையல்காரிக்கு ஐம்பத்தேழு வயது. வயசாகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த வாரம் ஆறாவது படியிலேயே நிற்க வேண்டிவந்தது.

தெருமுனை டாக்டர் சளி என்றார். மருந்து கேட்காமல் போகவே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். வலது பக்கம் பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்று முதுகில் ஊசி குத்தி ஒன்றரை லிட்டர் எடுத்தார்கள். காசநோயாக இருக்கலாம் என்று மாத்திரை எழுதினார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனதுதான் மிச்சம். மூன்றாம் மாதமே நீர் மறுபடி சேர்ந்தது. விலாவுக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல ஒரு வலியும் வந்து உட்கார்ந்துகொண்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் நுரையீரல் டாக்டரம்மா ஸ்கேன் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறை தடித்து, மேடும் பள்ளமுமாக இருந்தது. என்ன வேலை என்று கேட்டார். தையல் என்றாள். புருஷனுக்கு? ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார் ஆலையில் இருபத்திரண்டு வருடம், கொதிகலன் குழாய்களுக்குச் சுற்றும் பட்டையை அறுக்கிற வேலை. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"அவர் வேலைச் சட்டைய யார் துவைச்சது?"

"நான்தான். வேற யாரு துவைப்பா?"

"துவைக்கிறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க?"

"பின்வாசல்ல நின்னு உதறுவேன். உதறாம தண்ணில போட்டா கூழாயிடும் டாக்டர்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷன் தலையைக் குனிந்துகொண்டார்.

விலா எலும்புகளுக்கு நடுவே சின்னத் துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டு, உறையிலிருந்து துண்டுகளைக் கிள்ளி எடுத்தார்கள். அதே துளை வழியாக நீரை வடித்துவிட்டு, மறுபடி சேராமல் உறை ஒட்டிக்கொள்ளட்டும் என்று ஒரு பொடியைத் தூவினார்கள். பதினோரு நாள் கழித்து முடிவு வந்தது. மீசோதீலியோமா. கல்நார்த் தூசியால் வரும் புற்றுநோய். உள்ளே போன தூசி முப்பது, நாற்பது வருடம் சத்தமில்லாமல் கிடந்துவிட்டுக் கிளம்பும் என்று டாக்டரம்மா விளக்கினார். அறுவை செய்து எடுக்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது. மருந்து ஏற்றினால் கொஞ்ச காலம் பிடித்து நிறுத்தலாம். எவ்வளவு காலம் என்று கேட்டதற்கு அவர் பூசி மெழுகவில்லை. ஒரு வருடம், கூடக் கொஞ்சம்.

வீட்டுக்கு வந்ததும் புருஷன் சமையலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். தூசியில் நின்றது தான்தான், அதைச் சுமந்துவந்து அவள் கையில் கொடுத்ததும் தான்தான் என்று சொல்லிச் சொல்லி அழுதார். அவள் அவரை அழவிட்டாள். பிறகு சொன்னாள்:

"ஆலைக்காரங்க பங்க நீங்க எதுக்குத் தூக்கித் தலைல வெச்சுக்கறீங்க? எந்திரிங்க. முகம் கழுவுங்க."

அவளுக்கு அழுகை வரவில்லை. மகளுக்கும் நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னபோதுதான் ஆத்திரம் வந்தது. சின்ன வயதில் அப்பா வேலை முடிந்து வந்ததும் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொள்வாள் மகள். இப்போது முப்பத்திரண்டு வயது. படம் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வருடா வருடம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இனி வராது என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். அன்றே தையல்காரி ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தாள்.

ஆலையின் பதில் வந்தபோது அவள் ஆஸ்பத்திரி நாற்காலியில் சாய்ந்து, கையில் ஊசியோடு, முதல் தவணை மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாள். வக்கீல் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கடிதத்தைப் படித்துக் காட்டினார். அந்தப் பெண்மணி எங்கள் ஊழியர் அல்ல. வீட்டுக்குப் போகும் உடையின் தூசியால் குடும்பத்தாருக்குத் தீங்கு வரும் என்று அக்காலத்தில் எவரும் அறிந்திருக்கவில்லை.

இரண்டாவது வாக்கியத்தை அவள் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம். கைவேலை ஏதாவது கிடைக்குமா என்று அவள் ஆலை வாசலுக்குப் போயிருந்தாள். பாதுகாப்பு அதிகாரி வெளியே வந்தார். எப்போதும் வெள்ளைக் கோட்டில் திரிவதால் தொழிலாளிகள் அவருக்கு வைத்திருந்த பெயரே கோட்டு. அதிகாரிகளுடைய கோட்டுகளையெல்லாம் வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்துத் தேய்த்துத் தருகிறேன் என்று கேட்டாள். "இதெல்லாம் வீட்டுக்குப் போகக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். என் கை பட்டால் தீட்டா என்று அவள் பல நாள் குமைந்தாள். இத்தனை வருடமாகத் தப்பான காரணத்துக்குக் கோபப்பட்டிருக்கிறாள்.

"தெரியும் சார் அவருக்கு. அவர் பொண்டாட்டி பிள்ளைங்களுக்கு ஆகாதுன்னு தெரிஞ்சிருக்கு. என் வீட்டுக்கு மட்டும் ஆகும்."

வக்கீல் குறித்துக்கொண்டார். ஆனால் முன்னொரு காலத்தில் வாசலில் பேசிய ஒரு பேச்சுக்குச் சாட்சி வேண்டும் என்றார். கோட்டு இப்போது ஆலையின் இயக்குநர்களில் ஒருவர். சொல்லவே இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

ஆலைக்குள்ளேயே அதிகாரிகளின் துணிக்கென்று ஒரு சலவை அறை இருந்தது. அதில் வேலை பார்த்தவரைப் புருஷன் ஒரு மாதம் அலைந்து கண்டுபிடித்தார். அவர் ஒரு பள்ளிக்கூட வாசலில் காவலுக்கு இருந்தார். எதுவும் ஞாபகம் இல்லை என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். அவருடைய மருமகளுக்கு ஆலை அலுவலகத்தில் வேலை.

இரண்டாம் தவணை முடிந்த வாரம் தையல்காரி தானே கிளம்பினாள். வாயில் எதைப் போட்டாலும் இரும்பைச் சப்புகிற ருசி. விரல் நுனிகள் மரத்து, ஊசியில் நூல் கோக்க முடியாமல் ஆகியிருந்தது. சலவைக்காரரின் வீடு முதல் மாடியில். மகளின் தோளைப் பிடித்து, நான்கு இடத்தில் நின்று ஏறி, அவர் எதிரில் உட்கார்ந்து மூச்சு அடங்கும்வரை பேசாமல் இருந்தாள். அந்தச் சத்தத்தை அவர் கேட்கட்டும் என்றே இருந்தாள். இரக்கத்தை அவள் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"அண்ணே, இந்தப் படி ஏறும்போது நீங்க எங்க நிப்பீங்க?"

அவர் படியின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு ஒரு நாளைக்கு ஒரு சட்டைதான். உங்க கைல எத்தன கோட்டு வந்துச்சு? படம் எடுத்துப் பாத்தீங்களா?"

சலவைக்காரர் எழுந்து பின்பக்கம் போனார். தண்ணீர் டிரம்மை மூடியிருந்த தகரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, அடிப்பக்கம் மேலே வருமாறு திருப்பி வைத்தார். சலவை அறையைப் பூட்டியபோது, நல்ல தகரமாயிற்றே என்று சுவரிலிருந்து கழற்றி வந்தாராம். கறுப்புப் பெயிண்டில் எழுத்துகள் அப்படியே இருந்தன. அதிகாரிகளின் மேலுடைகளை வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. தூசி குடும்பத்தினருக்கு ஆபத்து. கீழே பாதுகாப்பு அதிகாரியின் கையெழுத்தும், அவள் வாசலுக்குப் போனதற்கு இரண்டு வருடம் முந்தைய தேதியும்.

தையல்காரி அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். மரத்த விரலுக்கு எதுவும் தெரியவில்லை. அன்று ராத்திரி, மாதக்கணக்கில் இல்லாத பசியோடு சாப்பிட்டாள் என்று மகள் பிறகு எல்லோரிடமும் சொன்னாள்.

தகரம் கோர்ட்டுக்குப் போன செய்தி கிடைத்ததும் கோட்டு தானே ஆஸ்பத்திரிக்கு வந்தார். எழுபத்துநான்கு வயது, நல்ல செருப்பு, கையில் பழக்கூடை. சிகிச்சை முழுவதையும் ஆலையே பார்த்துக்கொள்ளும், குடும்பத்துக்கும் ஒரு குறை வராது, ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று இதமாகப் பேசினார். அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான் என்றார்.

"தெரியுமே. அவங்களுக்காகத்தான கோட்ட அங்கயே கழட்டி வெச்சீங்க."

அவர் பழக்கூடையைக் கட்டிலுக்கு அடியில் வைக்கக் குனிந்தார்.

"எடுத்துட்டுப் போங்க. உங்க ஆலைலேர்ந்து எங்க வீட்டுக்கு வந்தது போதும்."

அவர் போன பிறகு, மனசு ஆற ஒப்புக்கொண்டிருக்கலாமே என்று புருஷன் மெல்லச் சொல்லிப் பார்த்தார். மனசு ஆறுவதற்கா இத்தனை ஊசி குத்திக்கொள்கிறேன் என்று அவள் கேட்டாள். அந்த ஆள் சாக வேண்டும் என்று அவள் ஒருநாளும் நினைக்கவில்லை. நல்லா இருக்கணும், நூறு வயசு இருக்கணும், தெருவில் இறங்கினால் நாலு பேர் அடையாளம் காட்டிப் பேசணும் என்றாள்.

நான்கு தவணையில் கட்டி வளராமல் நின்றிருந்தது. ஆறாவதுக்குப் பிறகு சிறுநீரகம் தாங்காது என்று மருந்தை நிறுத்தினார்கள். ஆலைத் தரப்பு ஒரு தடவை வாய்தா வாங்கியது. பிறகு இன்னொரு தடவை.

"நான் சாகறதுக்கு வாய்தா கேக்கறாங்க" என்றாள் டாக்டரம்மாவிடம். "அடுத்த தேதி வரைக்கும் என்னை நிக்க வைங்க. அதுக்கு மேல நான் கேக்கல."

உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிற வேறொரு மருந்து இருந்தது. எல்லோருக்கும் வேலை செய்யாது என்று சொல்லித்தான் டாக்டரம்மா அதைத் தொடங்கினார். தோல் முழுக்க அரித்தது. சொறிந்துகொண்டே அவள் காலண்டரில் நாளைக் கிழித்தாள்.

விசாரணையன்று சக்கர நாற்காலியில், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு போனாள். சட்டை உதறியதையும் வாசலில் கேட்ட பேச்சையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். சலவைக்காரரும் சொன்னார், எதையும் மாற்றிச் சொல்லவில்லை. பிறகு கோட்டு கூண்டில் ஏறினார். அப்படி எதுவும் எழுதிவைத்ததாக நினைவில்லை என்றார். வக்கீல் தகரத்தை அவர் முன்னால் நிறுத்தி, உரக்கப் படிக்கச் சொன்னார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார் கோட்டு.

தையல்காரி கையைத் தூக்கினாள். "ஐயா, என் கண்ணாடி இருக்குங்க. படிக்கறதுக்குப் போடறதுதான்."

நீதிபதி ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு தலையசைத்தார். மகள் எழுந்துபோய்க் கண்ணாடியைக் கொடுத்தாள். கோட்டு அதைப் போட்டுக்கொண்டு முணுமுணுவென்று படித்தார். கேட்கவில்லை என்றார் நீதிபதி. இரண்டாம் தடவை படித்தபோது, குடும்பத்தினருக்கு ஆபத்து என்ற இடத்தில் குரல் உடைந்தது. பின்வரிசைகளில் இருந்த பழைய தொழிலாளிகளின் மனைவிமார் ஒருவரும் அசையவில்லை. தையல்காரி அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

ஏழு வாரம் கழித்துத் தீர்ப்பு. ஆலைக்குத் தெரிந்தே இருந்தது என்றும், கையெழுத்துக்குரிய அதிகாரி மேல் தனியாகக் குற்ற வழக்குப் பதிய வேண்டும் என்றும் நீதிபதி எழுதியிருந்தார். அவளால் அப்போது படுக்கையை விட்டு எழ முடியவில்லை. வக்கீல் போனில் சொன்னதை மகள் காதருகே குனிந்து சொன்னாள். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு? வக்கீலிடம் கேட்டு, அழுதார் என்றாள் மகள். போதாது என்றாள் அவள்.

அதற்குப் பத்தொன்பது நாள் கழித்து, பிற்பகலில், வலிக்கு ஊசி போட்ட மயக்கத்தில் இறந்தாள். அதற்கு முன்பே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவைத்திருந்தாள்: நுரையீரலை எடுத்து, உள்ளே இருக்கும் தூசியை எண்ணி, குற்ற வழக்குக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தார்கள்.

அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு தேதிக்கும் புருஷன் காலையிலேயே போய், கூண்டுக்கு நேர் எதிரே முன்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறார். கோட்டு ஒரு தடவை தன் வக்கீலிடம், அந்த ஆளை வேறு இடத்தில் உட்காரச் சொல்ல முடியுமா என்று கேட்டுப் பார்த்தார். முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.