ஊற்றக் கூடாத பாதி

ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் நாத்தனார் கேனும் கையுமாக வயலில் வந்து நின்றதைப் பார்த்து அண்ணிக்குச் சிரிப்பு வந்தது.

"கிருமியை ஒழிக்கத்தான் எல்லாரும் மருந்து அடிக்கிறாங்க. நீ என்னடான்னா கிருமியையே சுமந்துட்டு வரே."

"இது நல்ல கிருமி, அண்ணி. வேரோட ஒட்டிக்கிட்டா செடி உப்பைத் தாங்கும்."

கடல்நீர் ஏறியதிலிருந்து அந்த நிலம் வெள்ளை பூத்துக் கிடந்தது. அண்ணன் துறைமுக வேலைக்குப் போய்விட, அண்ணிதான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வரப்புக்கு இந்தப் பக்கம் தக்காளி நாற்றுகளைக் கரைசலில் நனைத்து நட்டார்கள். அந்தப் பக்கம் வெறும் தண்ணீரில்.

"பூ விடும்போது மிச்சத்தை இந்தப் பக்கம் ஊத்துங்க. அந்தப் பாதிக்கு மட்டும் தண்ணியைத் தவிர எதுவும் ஊத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள் நாத்தனார்.

அவள் திரும்பி வந்தபோது அந்தப் பாதியிலும் கருகிய இலைகளுக்கு மேல் புதுத்தளிர் விட்டிருந்தது. கேன் காலி.

"அண்ணி, அங்கேயும் ஊத்தினீங்களா?"

அண்ணி களை பிடுங்குவதை நிறுத்தவில்லை. "ஒரு பக்கம் தளதளன்னு நிக்குது, ஒரு பக்கம் தலை தொங்கிப் போச்சு. மருந்தைக் கையில வச்சுக்கிட்டு எப்படிப் பார்த்துட்டு இருக்கிறது?"

"நடுவுல மழை பெஞ்சுது. மழையும் உப்பைக் கழுவும். எதனால பிழைச்சுதுன்னு இப்ப யார் சொல்றது?"

"நான் நம்புறேன், போதாதா?"

"நானே இன்னும் நம்பலியே அண்ணி."

அண்ணியின் கை நின்றது. "நீயே நம்பாததையா என் மண்ணுல ஊத்தினே?"

"தெரிஞ்சுக்கத்தான் ஊத்தினேன்."

சொன்னதும் நாத்தனாரின் கோபம் இறங்கியது. 'ஊத்தாதீங்க' என்று உத்தரவு போட்டாளே தவிர, ஏன் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. வரப்பில் உட்கார்ந்து அன்றுதான் எல்லாவற்றையும் விளக்கினாள்.

"அப்ப அந்தப் பாதி சாகணுமா?" என்றாள் அண்ணி.

"சாகுதான்னு பார்க்கணும்."

அடுத்த போகத்துக்கு அண்ணியே இரண்டு பாதியையும் பிரித்து நட்டாள். செடிகள் காய்க்கத் தொடங்கிய சமயம் அவளிடமிருந்து போன் வந்தது.

"நனைச்சு நட்டது காய்ச்சிருக்கு. கடல்தண்ணி ஏறுறதுக்கு முன்னே மாதிரி இல்ல, சுமாராத்தான். ஊத்தாத பக்கம் முக்கால்வாசி போயிடுச்சு. நான் ஒண்ணும் பண்ணல. ரெண்டு நாளா அந்தப் பக்கம் போகல, அவ்வளவுதான்."

இந்தச் சேதிக்காகத்தான் நாத்தனார் இத்தனை நாளாகக் காத்திருந்தாள். ஆனால் அவள் கண்முன் வந்து நின்றது காய்ந்துபோன அந்தப் பாதிதான்.

"நான் கிளம்பி வரேன் அண்ணி" என்றாள். "ரெண்டு பேருமா போய்ப் பார்ப்போம்."